பதினோராம் மாடியில் காய்த்த சுக்கினி

இன்று காலை தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். நீ இருந்திருந்தால் வழக்கம்போல என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "போதும் அண்ணி, வாங்க" என்று இழுத்துப் போயிருப்பாய். அவர் வெள்ளரி மாதிரி நீண்ட சுக்கினிக்காய்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காயின் நுனியிலும் வாடிய பூ ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளிக் கீழே போட்டு, செருப்புக் காலால் மிதித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

"என்ன தம்பி, பூவைப் போய் இப்படி மிதிக்கிறீங்க?"

"காய்ஞ்ச பூ லா, ஆன்ட்டி. அதோட வச்சா யாரும் வாங்க மாட்டாங்க."

"அந்தப் பூ இல்லாட்டி உங்களுக்குக் காய் ஏது?"

நான் போட்ட சத்தத்தில் மீன் கடைப் பக்கத்திலிருந்துகூட இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். என்னைச் சீக்கிரம் அனுப்பிவைத்தால் போதும் என்று பூ கிள்ளாத காய் ஒன்றைத் தேடியெடுத்துக் கையில் கொடுத்தார். பேருந்தில் உட்கார்ந்து அந்தக் காய்ந்த பூவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ என் கணவரின் தங்கை. இருபத்தைந்து வருடத்தில் கைப்பேசியில் 'வந்துட்டேன்', 'சாப்பிட்டாச்சு' என்பதைத் தாண்டி நாம் ஒன்றும் எழுதிக்கொண்டதில்லை. பள்ளிக்கூடக் கேன்டீனில் கடை போட்டு, பிள்ளைகளை மிரட்டி வரிசையில் நிறுத்தியே பழகியவள் நான். வீட்டிலும் எனக்கு அதே குரல்தான். நீயோ எதற்கும் எதிர்த்துப் பேசாதவள். அதனால் நான் என்ன சொன்னாலும் உனக்கு உறைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் தோ பாயோ வீட்டுக்குக் குடிவந்த அன்று நீ ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்தாய். உன் கல்யாணம் நிச்சயமாகி, நின்றுபோயிருந்த சமயம் அது. தாழ்வாரத்தில் குந்தி, தொட்டியில் குழி பறித்து, கன்றை இறக்கப் போனாய். நான் ஓடிவந்து உன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"நீ வைக்காதே. உனக்குக் கைராசி இல்லை. நான் வைக்கிறேன்."

நீ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய்த் தட்டு அடுக்கினாய். கன்று என் கையால் நன்றாக வந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தேன். நான் சொன்ன வார்த்தை எனக்கு மறந்தே போனது.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. சிகிச்சைக் காலத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று உன் அண்ணன் உன்னைப் புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து இங்கே அழைத்து வந்தார். ஒரு துணிப்பை, ஒரு மருந்துப்பை, கூடவே சுக்கினி விதைப் பொட்டலம் ஒன்று. அங்கே உன் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாயாம். செடி வருமாம், பூக்குமாம், விரலளவு பிஞ்சு வந்ததும் மஞ்சளாகி அழுகி விழுந்துவிடுமாம்.

"ஒரே ஒரு காய், அண்ணி. என் கையால ஒரே ஒரு காய் பாத்துட்டா போதும்" என்றாய்.

ஆனால் மண்ணைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் உடம்பு கிருமி தாங்காது. ஆகவே நீ முகக்கவசத்தோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாய். நான் மண்ணில் இறங்கினேன். எனக்கு உத்தரவு போட்ட ஒரே ஆள் நீதான், தெரியுமா? "விதையைப் படுக்க வைக்காதீங்க, செங்குத்தா நிறுத்துங்க. ஒரு விரல்கணு ஆழம் போதும்." முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் மண் லேசாக வெடித்திருந்தது. மதியத்துக்குள் வெளுத்த தண்டு ஒன்று வளைந்து முதுகைக் காட்டியது. மறுநாள் அது நிமிர்ந்து, விதைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. அட, இதற்குள் இவ்வளவு பலமா என்று நான் வாயைப் பிளந்தேன். எத்தனை மூட்டை காய்கறி நறுக்கியிருப்பேன் வாழ்க்கையில்! ஒரு விதை எழுந்து நிற்பதை ஐம்பத்தெட்டு வயதில்தான் பார்த்தேன். நீ சிரித்தாய். இரண்டு இலை நாலாகி, நாலு விசிறியளவு விரிந்து, மயிர் மயிராய்க் கையை அறுத்தது. இலையில் வெள்ளைப் பொடி படர்ந்தபோது, தண்ணீரை இலை மேல் ஊற்றாமல் வேரில் ஊற்றச் சொன்னாய். கெட்ட இலைகளை நறுக்கிப் போடச் சொன்னாய். பிழைத்தது.

முதல் பூக்கள் வந்த அன்றுதான் உண்மை வெளிவந்தது.

"அண்ணி, பறிச்சுப் பிள்ளையாருக்கு வச்சிடுங்க. அங்கயும் தினம் அப்படித்தான் வைப்பேன்."

"தினமுமா? எல்லாத்தையுமா?"

"பின்னாடி பிஞ்சு இருக்கிற பூவைத் தொட மாட்டேன். நீளக் காம்புல வெறும் பூ வருதுல்ல, அதை மட்டும்தான். சும்மா வாடிப் போறதுக்கு சாமிக்காவது ஆகட்டுமே."

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள்தான் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன்.

"அடிப் பைத்தியமே! அந்த வெறும் பூதான் ஆண் பூ. அதோட மகரந்தம் பிஞ்சு வச்ச பூவுல சேர்ந்தாத்தானே காய் பிடிக்கும்? நீ விடியுமுன்னே பறிச்சுப் பிள்ளையார்கிட்ட குடுத்துட்டா? அப்படியே விட்டிருந்தாலும், இவ்வளவு உயரத்துக்குத் தேனீ என்ன லிஃப்ட்லயா வரும்? நாமதான் எடுத்து வைக்கணும்."

நீ மெதுவாகக் கேட்டாய்.

"அப்போ... என் கையால இல்லையா, அண்ணி?"

பதினைந்து வருடம் அந்த வார்த்தையைச் சுமந்திருக்கிறாய். என்னிடம் அதைக் குற்றமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். நான் பற்றவைக்காத அடுப்பை அணைக்க உள்ளே ஓடினேன். அங்கே நின்றுதான் முடிவு செய்தேன். நீ அடுத்து ஆஸ்பத்திரியில் சேர்வதற்குள் ஒரு பூவாவது உன் கையால் காயாக வேண்டும். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டேன். கையுறை போட்டுக்கொண்டு பூவைத் தொடலாம், மண் பக்கம் போகக்கூடாது என்றார். நீதான் தயங்கினாய்.

"சாமிக்கு வைக்காம இருக்கலாமா?"

"அவருக்கு நான் தேக்காவுல அருகம்புல் வாங்கிப் போடுறேன். கோவிச்சுக்க மாட்டார்."

பெண் பூ வர மேலும் ஒரு வாரமானது. அதுவரை பூத்த ஆண் பூக்களை வீணாக்காமல், நடுவிலுள்ள தண்டைக் கிள்ளிவிட்டு, கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டேன். மருந்து உன் நாக்கைக் கொன்றிருந்தது. ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி மென்றாய். "ருசி ஒண்ணும் தெரியல, அண்ணி. ஆனா மொறுமொறுன்னு சத்தம் நல்லா கேக்குது. இன்னொண்ணு குடுங்க." நாலு தின்றாய். அந்த மாதத்தில் நீ கேட்டு வாங்கித் தின்றது அது ஒன்றுதான்.

பெண் பூ வந்த அன்று காலை எட்டு மணிக்கு, சூரியன் எதிர் பிளாக்கின் தலைக்கு மேல் வந்த நேரத்தில், பூ திறந்திருந்தது. உள்ளங்கையை விரித்துவைத்த அகலம். மஞ்சள் என்று சொன்னால் போதாது; உள்ளே விளக்கு எரிகிற மாதிரி ஒரு மஞ்சள். பத்து மணிக்குள் மூடிவிடும், பிறகு ஒருபோதும் திறக்காது. நீ நீலக் கையுறையோடு ஆண் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாக உரித்தாய். மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் வைத்து, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல மெல்லத் தொட்டாய். பொடி ஒட்டியது.

"இவ்வளவுதானா, அண்ணி?"

"இவ்வளவுதான்."

இவ்வளவுதான் என்று சொன்னேனே தவிர, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. எவ்வளவு பெரிய காரியம், எவ்வளவு சின்னத் தொடுகை!

நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்து வார்டில் சேர்த்தோம். தினம் காலையில் படம் எடுத்து அனுப்பினேன். விரலாக இருந்தது சாணாகி, சாணைத் தாண்டியது. பளபளவென்று பச்சை. எட்டாம் நாள் அறுத்து, துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். நீ படுத்தபடியே இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாய். பார்க்க வந்த தாதிக்கும், பக்கத்துப் படுக்கைப் பாட்டிக்கும் காட்டினாய். "நான் வச்சது" என்றாய். பிறகு என்னிடம் திரும்பினாய்.

"அன்னைக்கு ஒரு பூதானே பூத்துச்சு, அண்ணி?"

"ஆமா. ஒண்ணுதான்" என்றேன்.

பொய். அன்று பெண் பூ இரண்டு பூத்தன. இலைக்கு அடியில் இன்னொன்று இருந்தது, நீ பார்க்கவில்லை. உன்னை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து, மிச்சமிருந்த மகரந்தத்தை அதில் நான் தடவினேன். உன்னுடையது விழுந்துவிட்டால், என்னுடையதைக் காட்டி இதுதான் உன் காய் என்று சொல்லிவிடலாம் என்றுதான் அப்படிச் செய்தேன். அன்பில்தான் செய்தேன், சத்தியமாக. ஆனால் யோசித்துப் பார், அப்போதும் நான் நம்பியது என் கையைத்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பிஞ்சு மஞ்சளாகி நுனி கொழகொழத்திருந்தது. தொட்டதும் விழுந்தது. எது என்று நாலைந்து தடவை குனிந்து பார்த்தேன். இலைக்கு அடியிலிருந்ததுதான். நீ எழுந்து வருவதற்குள் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். உன்னுடையது மேலே கல்லுக்குண்டு மாதிரி நின்றது. மிச்ச மகரந்தம் போதாமல் இருந்திருக்கலாம், நிழலாக இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தில் உன் காயின் முன்னால் கைகூப்பி நின்றேன். அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகும் எட்டு மாதம் இருந்தாய். வாய் வரவில்லை.

அடுத்த மாதம் என் மகளுக்கு வளைகாப்பு. நேற்று பட்டியல் எழுதும்போது உன் அண்ணன் சொன்னார், "முதல் வளையல் நீயே போட்டுவிடு. உன் கை ராசியான கை."

"நம்ம வீட்டு ராசியான கை போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றேன்.