இருவருக்கும் ஒரே உப்பு

கப்பலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, உன்னிடம் சொல்லச் சொன்னாள். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. அத்தை வந்து சமைத்துப் போடுகிறார். உன் அம்மா என்பதால் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பாப்பாவுக்குக் காட்டினேன். “எல்லாப் படத்துலயும் நிக்கிறாரே, அந்தத் தாடி மாமா யாருப்பா?” என்று கேட்டாள். வேறு நாட்டு விஞ்ஞானி, அம்மாவோடு வேலை செய்கிறவர் என்றேன். என் குரல் சரியில்லை போலிருக்கிறது, அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆமாம், எனக்குப் பொறாமைதான். இரண்டு பேரும் ஒரே ஆய்வகத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். கப்பலில் நம் நாட்டுக்கு ஒரே இடம், அது உனக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஜன்னல் திறக்காத அறையும், நீங்கள் அனுப்பும் எண்களைச் சரிபார்க்கும் வேலையும். கடலும் உனக்கு, தாடியும் உனக்கு.

ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீரில் நீ பாதி, அவர் பாதி எடுத்துக்கொண்டு, ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமல் உப்பை அளக்க வேண்டும் என்பதுதானே இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாடு? கடைசி இலக்கம் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். போன வாரம் முழுக்க உங்கள் இருவர் எண்ணும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து சமையலில் உப்பு சரியா என்பதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போனதே இல்லை. அவரோடு மட்டும் அப்படி என்ன ஒற்றுமை? வேறு யாராவது பார்த்திருந்தால் சபாஷ் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். நான் வயிறெரிந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கடைசியில் அவருக்கே எழுதிக் கேட்டேன். மனிதர் மறைக்கவில்லை. கடல் கொந்தளிப்பில் நீ தலையைக்கூடத் தூக்க முடியாமல் படுத்திருந்தாயாம். உன் பெயருக்கு நேரே எண் இல்லாமல் இருந்தால் அடுத்த பயணத்தில் உன்னைச் சேர்க்க மாட்டார்களே என்று பயந்து, தன் எண்ணையே உன் பெயரிலும் போட்டாராம். உனக்கும் தெரியும் என்றார். நல்லவர்தான். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

எனக்கு நீ எழுதியதெல்லாம் கடல் அழகாக இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்பதுதான். நீ சுருண்டு கிடந்தது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுதான் குத்துகிறது.

வெள்ளிக்கிழமை இந்த எண்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவான பதிவில் சேர வேண்டும். நிறுத்தி வைத்திருக்கிறேன். கப்பலில் இருக்கும் தலைமை விஞ்ஞானியிடம் நீயே சொல்லிவிடு. அடுத்த பயணம் போனாலும் போகட்டும். வெள்ளிக்கிழமைக்குள் நீ சொல்லாவிட்டால் தலைமை விஞ்ஞானிக்கு நான் எழுதத்தான் வேண்டிவரும். கட்டியவனுக்குப் பொறாமை என்பார்கள், என்னால் மறுக்கவும் முடியாது. உன் பாதித் தண்ணீர் புட்டிகளில் மூடியபடியே இருக்கிறதாம். எழுந்து உட்கார முடியும்போது நீயே அளந்துவிடு.

மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று முதலில் எனக்கு எழுது, தாடிக்கு அப்புறம் சொல்லலாம். இனிமேல் உன் எண்ணும் அவர் எண்ணும் கொஞ்சமாவது மாறி வரட்டும் என்று வேண்டிக்கொண்டு, கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வயிறெரியும்
உன் வீட்டுக்காரன்