அத்தையின் பொருத்தனை

அனகாபுத்தூர்,
புதன்கிழமை.

அன்புத் தங்கை ஹெப்சிக்கு அக்கா ஜான்சி எழுதுவது. ஸ்தோத்திரம். ஜெர்மனிக் குளிரும் நீயும் சமாதானமாகிவிட்டீர்களா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

போனில் பேசினால் என் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் உன் அத்தான் பென்னி ரேடியேஷனுக்கு உள்ளே போன நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டுத் தாளைக் கிழித்துவிடுவேன்.

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு அத்தை சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து பொருத்தனை பண்ணினார். மகன் பூரண சுகமாகும்வரை வீட்டில் சோறும் சர்க்கரையும் கிடையாதாம். சர்க்கரைதான் கட்டிக்குத் தீனி என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ, அதற்கு மேல் ஆண்டவர் பெயர். இரண்டும் சேர்ந்தால் யார் வாயைத் திறப்பது? அரிசியும் சர்க்கரையும் பீரோவுக்குள், சாவி அத்தை இடுப்பில். அத்தான் கீரையையும் முட்டையையும் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எலும்பும் தோலுமாகிவிட்டார். நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். அத்தையிடம் சொன்னால், ‘டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு, நான் ஆண்டவருக்கு வாக்கு குட்த்துக்கீறேன்’ என்கிறார்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னது மனசிலேயே ஓடுகிறது. கட்டியின் செல்கள் சர்க்கரையை அள்ளித் தின்று, மிச்சமாகும் லாக்டேட்டை வெளியே தள்ளும், அதற்கென்று செல்லின் சவ்வில் கதவுகள் இருக்கின்றன, அவற்றை அடைத்தால் கட்டி உள்ளேயே புழுங்கித் தடுமாறலாம் என்றாய். ஆனால் மூளையின் நல்ல செல்களும் அதே மாதிரிக் கதவுகள் வழியாகத்தான் பக்கத்துச் செல் கொடுக்கும் லாக்டேட்டை வாங்கிப் பிழைக்கின்றன என்றும் சொன்னாய். ரயில்வே கேட்டை மூடினால் திருடனும் நிற்பான், ஆம்புலன்ஸும் நிற்கும். எங்கள் வீட்டில் நடப்பது அதுதான், கட்டியோடு சேர்ந்து அத்தானும் பட்டினி.

அத்தை கெட்டவர் இல்லை. அவரும் சோற்றைத் தொடாமல் போன வாரம் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்தார். அப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது?

திங்கட்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது குரோம்பேட்டையில் அத்தான் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். ‘ஒரே ஒரு டீ, சக்கரை தூக்கலா. அம்மாக்குச் சொல்லாத’ என்றார். வாங்கிக் கொடுத்தேன். குழந்தை மாதிரி அடிவரைக்கும் குடித்தார். சாயங்கால ஜெபத்தில் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கட்டி இருப்பவர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் புரிகிறது. ஆனாலும் நேற்று அவர் மறுபடி டீ கேட்டபோது ஆட்டோவை நிறுத்தாமல் போகச் சொல்லிவிட்டேன். கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம் ஹெப்சி.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீயே அத்தைக்குப் போன் செய். அத்தானுக்குச் சோறும் சர்க்கரையும்தான் இனி மருந்து, எங்கள் லேபில் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல். உங்கள் ஆராய்ச்சி இன்னும் எலியையே தாண்டவில்லை என்பாய். தெரியும். பொய்தான் சொல்லச் சொல்கிறேன். பொருத்தனையை விடுவதற்கு அத்தைக்கும் ஒரு சாக்கு வேண்டும்.

அத்தான் வயிறாரச் சாப்பிடட்டும். அப்புறம் எது நடந்தாலும் அந்தப் பழி உன் பெயரில் இருக்கட்டும். நீ தூரத்தில் இருக்கிறாய். அத்தையோடு இந்த வீட்டில் காலம் தள்ள வேண்டியவள் நான்.

கர்த்தர் உன் நாவில் இருப்பாராக.

உன் அக்கா,
ஜான்சி