ஏழாம் நம்பர் காத்தாடிக்குக் கீழே

நவம்பர் 12, 2024
ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிக்குச் செயின் மாற்றினேன். கரண்ட் எடுக்கிற காத்தாடிகளுக்கு வாட்ச்மேனாகச் சேர்ந்து எட்டு மாதம். பென்ஷன் வருகிறது; ஆனால் மிலிட்டரியில் காவல் நின்ற உடம்பு வீட்டில் சும்மா இருக்கவில்லை.

நவம்பர் 20
சோளக்குருவி வந்துவிட்டது. ரோஸ் உடம்பு, கறுப்புத் தலை. சாயங்காலம் தேவதானம் கண்மாய்க்கு மேலே கூட்டமாகச் சுழன்றது.

கல்யாணமாகி நாலாம் மாதமே என்னை ராஜஸ்தான் எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் இந்தக் கூட்டம் எங்கள் கூடாரத்துக்கு மேலே தெற்கே போகும். "உன் பக்கந்தான் வருது, பாத்துக்கோ" என்று மாரீஸ்வரிக்கு எழுதுவேன். நவம்பரில் அவளிடமிருந்து இன்லேண்ட் லெட்டர். மாமியார் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்வாள் என்று வேறெதுவும் எழுத மாட்டாள். "குருவி வந்துருச்சு. நீங்க எப்ப வாரீக?" அவ்வளவுதான். ஒன்பது வருஷம் அப்படி.

டிசம்பர் 3
ஏழாம் நம்பருக்குக் கீழே பதினொன்று செத்துக் கிடந்தன. ஒன்றின் இறக்கை தனியாக. கண்மாய்க்கும் மலைக்கும் நடுவில் நிற்கிறது அந்தக் காத்தாடி. குருவிகள் அடையப் போகிற வழியே அதுதான்.

சூப்பர்வைசர் பெலிக்ஸுக்கு போன் போட்டேன். "பொதச்சிருங்கண்ணே. ரிஜிஸ்டர்ல ஏத்த வேண்டாம். மேல கேட்டா நாந்தான் பதில் சொல்லணும்."

நல்ல பையன். இந்த வேலை வாங்கிக் கொடுத்தவன். புதைத்தேன்.

டிசம்பர் 9
எட்டு. எழுதவே பிடிக்கவில்லை.

டிசம்பர் 15
மதுரைக் கல்லூரியிலிருந்து சிவரஞ்சனி என்று ஒரு பிள்ளை வந்தது. காத்தாடியில் பறவை அடிபடுகிறதா என்று ஆராய்ச்சி. "சார், கீழ ஏதாச்சும் விழுந்து கெடந்துச்சா?" பெலிக்ஸ் பக்கத்தில் நின்றான். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அந்தப் பிள்ளை நம்பி எழுதிக்கொண்டது.

டிசம்பர் 16
புதைத்த அன்று கழற்றிப் போட்ட பேன்ட்டைத் துவைக்க எடுத்தபோது, மண்ணைப் பார்த்து மாரீஸ்வரி கேட்டாள். சொல்லிவிட்டேன்.

"அந்தக் குருவியவா பொதச்சீக?"

"நான் என்னட்டி செய்ய? பெலிக்ஸ்—"

"பொதச்சது கூடப் போவுது. இல்லன்னு எதுக்குச் சொன்னீக?"

தட்ட வச்சிட்டு உள்ள போயிட்டா. அம்புட்டு வருசம் எல்லையில நின்னவன் — இந்த வேலைக்கா பயந்தேன்?

டிசம்பர் 18
சிவரஞ்சனிக்கு போன் செய்து தேதியும் எண்ணிக்கையும் சொன்னேன். புதைத்த இடத்தையும் காட்டுவதாகச் சொன்னேன். பிறகு பெலிக்ஸிடமும் நானே சொன்னேன். "என்னய மாட்டிவிட்டீகளேண்ணே" என்றான். அழுகிற குரல். அதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

டிசம்பர் 22
இனி வர வேண்டாம் என்று ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 19, 2025
பழைய லெட்டர் கட்டுக்குள் ஈரம் ஏறியிருந்தது. மாரீஸ்வரி வெயிலில் காயப் போட்டாள். ஒன்றில், குருவி வந்ததற்குக் கீழே ரெண்டு வரி எழுதி, அழுத்தி அடித்திருந்தாள். "என்னத்த எழுதி அடிச்ச?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு?" சிரித்தாள். முப்பது வருஷம் கழித்தும் சொல்ல மாட்டேனென்கிறாள்.

பிப்ரவரி 11
பெலிக்ஸ் வீட்டுக்கு வந்தான். அவனை எச்சரித்ததோடு விட்டுவிட்டார்களாம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிவரஞ்சனி கொடுத்த கணக்கைப் பார்த்து, ஏப்ரல் வரை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஏழாம் நம்பரை நிறுத்திப் பார்க்கப் போகிறார்கள். கூட்டம் கிளம்புவதைப் பார்த்துச் சொல்ல சிவரஞ்சனிக்கு ஆள் வேண்டுமாம். "வாரீகளாண்ணே?"

நான் சட்டையை மாட்டுவதற்குள் மாரீஸ்வரி செருப்போடு வாசலில் நின்றாள்.

"ஏட்டி, நீ எங்க?"

"அதுக வார நேரம் உங்களுக்கு என்ன தெரியும்? இங்கன இருந்து பாத்தவ நாந்தான."

பெலிக்ஸ் ரெண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டான். அவ பேர முதல்ல எழுதச் சொன்னேன்.