இரண்டே நாள் கூட்டம்

டாக்டர்,

நேற்றுக் காலை ஜங்லிகாட் கிளினிக் படிக்கட்டில் கால் வைத்ததுமே கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. மாதம் ஒருமுறை இரண்டு நாள் பல் சீரமைக்க விமானத்தில் இந்தத் தீவுக்கு வரும் நீங்கள், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் அதே வாசனை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தெருவுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு போனவன், மகளுக்கு வேலை கேட்டு அங்கேயே போய் நின்றேன்.

முந்தின நாள் கயல் சென்னையிலிருந்து போன் செய்திருந்தாள். பல் சீரமைப்பில் மேல்படிப்பு முடித்து வேலை பார்க்கத் தொடங்கிய முதல் மாதம். எவ்வளவு வந்தது என்று ஆசை ஆசையாகக் கேட்டேன். அவள் சொன்ன தொகை என் சம்பளத்தில் பாதிகூட இல்லை. துறைமுக ஆபீஸில் ஃபைல் பார்க்கும் கிளார்க்கின் சம்பளத்தில்! ஒரு வாரத்துக்கா என்று கேட்டேன்.

"மாசத்துக்குத்தான்ப்பா. சம்பளம்னு ஒண்ணு கிடையாது. நான் கிளிப் போட்டாத்தான் அதுல ஒரு பங்கு. இங்க தெருவுக்கு நாலு டாக்டர் இருக்காங்க. மூணு கிளினிக்குக்கு அலையுதேன்."

ஊரில் இருந்த வீட்டை விற்றுப் படிக்க வைத்த படிப்பு. போதாததற்கு வங்கிக் கடன் வேறு. அடுத்த மாதத்திலிருந்து அவள் தவணை கட்டவேண்டும். ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அது மட்டுமில்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்கள்.

கயலை மேல்படிப்புக்கு அனுப்பும் முன், இங்கே எங்கள் ஷாதிபூர் வீட்டில் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்தபடி சொன்னீர்கள். "அண்ணாச்சி, ஊர் வீட்டை விக்காதீங்க. கயல் பல் டாக்டராயிட்டால்லா, கொஞ்ச வருசம் வேலை பாக்கட்டும். சொந்தமா கிளினிக் வச்சிருக்கவனுக்கும் என்னை மாதிரி பங்குக்குப் போறவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஒரு கேஸ் முடிய ரெண்டு வருசம் ஆகும், பணமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். இங்க பாதியிலயே அப்பாவுக்கு டிரான்ஸ்பர் வந்து பிள்ளை மெயின்லேண்டுக்குப் போயிருது. பிளைட் டிக்கெட்டும் என் கைக்காசு."

நான் நம்பவில்லை. நீங்கள் வருகிற இரண்டு நாளும் கிளினிக் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. ஹேவ்லாக் தீவிலிருந்து முதல் போட்டில் வந்த பிள்ளைகள் படியெல்லாம் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தை நான் முப்பதால் பெருக்கிக்கொண்டேன். ஒரு மாதம் காத்திருந்த தீவு மொத்தமும் அந்த இரண்டு நாளில் வந்து குவிகிறது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கப்பல் வரும் நாளில் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, தினமும் இதே கூட்டம்தான் என்று ஒரு வெளியூர்க்காரன் சொன்னால் முதலில் சிரிப்பவன் நான்தான்.

"எம் மக உங்க பங்குக்கு வந்திருவாளோன்னு பயமா டாக்டர்?" என்று கேட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. கை கழுவிவிட்டு, "கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு மதினிகிட்ட சொல்லுங்க" என்று கிளம்பினீர்கள். அப்புறம் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. வீம்புக்கு நானும் கூப்பிடவில்லை. உங்கள் சாவுச் செய்தியைக்கூட கிளினிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில்தான் படித்தேன்.

நேற்று, கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்தி கலந்துதான் பேசுவார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அரே, உங்களுக்குத் தெரியாதா? டாக்டர் சாப் அப்பவே சொல்லிட்டாரே! அண்ணாச்சி பொண்ணு படிச்சு முடிச்சதும் என் ரெண்டு நாளையும் அவளுக்குக் குடுத்திடுங்க, நான் வர்றதை நிறுத்திக்கிறேன்னு. இப்ப வர்றவர் டெம்பரரிதான். அடுத்த மாசமே பொண்ணை வரச் சொல்லுங்க."

எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கடைசியா உங்க வீட்டுல சாப்பிட்டு வந்தார்ல, அதுக்கு மறுநாள்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு நாளை விட்டுக்கொடுப்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது டாக்டர்.

சாயங்காலம் கயலிடம் சொன்னபோது அழுதுவிட்டாள். "டாக்டர் மாமாவுக்கு எம்மேல இவ்வளவு பிரியமாப்பா? அப்புறம் ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க?" என்று கேட்டாள்.

உங்களிடம் நான் கேட்ட அந்த ஒரு கேள்வியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, "வேலை அதிகமா இருந்திருக்கும்மா" என்றேன்.