வெள்ளிக்கிழமையில் உடைந்த பனிக்கட்டி

காட்டுப்பாக்கம்,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள ஃபெலிக்ஸ்,

நான் நலம். அத்தையும் நலம். அவர் கண்கட்டைப் பிரித்தாயிற்று. இனி சொட்டு மருந்து மட்டும். உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருந்தாலும் கம்பளிக் குல்லாவைக் கழற்றாதே.

போன மின்மடலில் ‘பிரேக் தி ஐஸ்’ என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவிடம், அதுதான் அத்தையிடம், நானே முதலில் பேச வேண்டும் என்றாய். அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். குளிர்நாட்டில் ஆறு உறைந்ததும் சரக்குக் கப்பல்கள் நின்றுவிடுமாம். வலுவான சிறு படகு முன்னால் போய்ப் பனிக்கட்டியை உடைத்து வழி திறக்குமாம். அறிமுகமில்லாதவர்களின் முதல் பேச்சுக்கு அதிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். உறுதியில்லை என்பவர்களும் உண்டு. எனக்குப் படகு பிடித்திருந்தது.

ஆனால் எங்கே தட்டுவது? அத்தை நம் கல்யாணத்துக்கு வராதவர். உன்னிடமும் பேசாதவர். கண் அறுவை சிகிச்சைக்காக மட்டும் நம் வீட்டில். மருந்து விட முகத்தை நிமிர்த்துவார். சோறு வைத்தால் சாப்பிடுவார். ஒரு சொல் கிடையாது.

நேற்று நம் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் வந்து செபித்தார்கள். அத்தை மகிழட்டும் என்று கோழி சமோசா செய்திருந்தேன். தட்டை நீட்டினேன். யாரும் கை வைக்கவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, ஃபெலிக்ஸ், இறைச்சி ஆகாதாம். என் பிறந்த வீட்டில் பெருமாளுக்காகக் கோழியை விலக்குவது சனிக்கிழமைதான். எனக்கு எப்படித் தெரியும்? கோழி மட்டும் ஈஸ்டருக்கு முந்தியே உயிர்த்துவிட்டது என்றார் பாஸ்கல் அண்ணன். சிரித்தார்கள்.

“இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? எம் மருமவளுக்கு நாந்தான் சொல்லியிருக்கணும்” என்றார் அத்தை.

எம் மருமவள்.

எல்லோரும் வெறும் டீயோடு போனபின் சமையலறைக்கு வந்தார். “இத்த ஃப்ரிட்ஜ்ல வையி. நாளைக்கு ரெண்டு பேருமா துன்னலாம்.”

நாளை சனிக்கிழமை. நான் சொல்லவில்லை. சரி அத்தை என்றேன். குறையாத தட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவேயில்லை. கண்ணுக்கு ஆகாது என்று பதறிக்கொண்டே நானும் சிரித்தேன்.

படகு நான் என்று நினைத்திருந்தேன். நான் சரக்குக் கப்பல். முன்னால் போனது அவர்.

காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறோம். சமோசா தீர்ந்துவிட்டது. உன் பெயர் வரும்போது மட்டும் நிறுத்திக்கொள்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே ரொம்பக் குளிருமா என்று கேட்கிறார்.

நாளைப் பூசை முடிந்து வந்ததும் அவர் கைபேசியை மடியில் வைத்திருப்பார். என்னைக் கூப்பிட வேண்டாம். அவரைக் கூப்பிடு. எடுத்துவிட்டுப் பேசாமலிருந்தாலும் நீ வைத்துவிடாதே.

உன்
நிவேதிதா