செவலைக்கும் டைகருக்கும் ஒரே டாக்டர்

அக்கா,

இன்று காலை அபூர்வமாக வெயில் அடித்தது. விட்டால் பிடிக்க முடியாது என்று நாயைக் குளிப்பாட்டினேன். உண்ணி மருந்து கலந்த தண்ணீரின் வாடை சோப்புப் போட்டும் விரலிடுக்கை விட்டுப் போகவில்லை. அந்த வாடை ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். "காதத் திருப்பிப் பாரு அம்மிணி, மடிப்புக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும்." எனக்குத் தெரியாதா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்புறம் காதைத் திருப்பிப் பார்த்தேன். கொழுத்த உண்ணி ஒன்று இருந்தது.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் நீங்கள் சொன்னதே சரியாக இருந்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

கல்யாணமாகி இந்தக் குந்தா குவார்ட்டர்சுக்கு நான் வந்த நாளிலிருந்தே உங்கள் மேல் எனக்குப் பொறாமை. இந்தக் குளிரில் என் மாவு கல்லாகக் கிடக்கும்; உங்கள் மாவு கம்பளிக்குள் பொங்கி வழியும். பவர் ஹவுஸில் உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்டு. ஆனால் உங்களவர் மட்டும் வரும்போது உங்களுக்கென்று ஏதாவது பொட்டலம் கொண்டுவருவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நாயைத்தான் பொறுக்க முடியவில்லை.

மழையில் நனைந்து என் விறகுக் கொட்டகைக்குள் முதலில் நுழைந்த குட்டி அது. துணியால் துடைத்துப் பால் வைத்தவள் நான். டைகர் என்று பேர் வைத்தவளும் நான். பாலைக் குடித்துவிட்டு, வேலி இடுக்கில் புகுந்து உங்கள் வாசலில் போய்ப் படுத்தது. மறுநாள் நீங்கள் "செவலை, செவலை" என்று கூப்பிடுவது கேட்டது. சாப்பாடு என் வீட்டில், தூக்கம் உங்கள் வீட்டில் என்று அது வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் அதற்கு முதலில் எடுத்து வைத்தேன். தின்றுவிட்டு உங்களைப் பார்த்து வாலாட்டியது.

அது நோயில் விழுந்தது ஒரு மழைக்காலத்தின் முடிவில். கறியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூக்கு காய்ந்து கிடந்தது. இன்ஜினியர் வீட்டம்மா சொன்னார் என்று ஊட்டியில் ஒரு டாக்டரிடம் நான்தான் கொண்டுபோனேன். உங்களிடம் சொல்லவில்லை; என் நாய், என் டாக்டர் என்றிருந்தது. கண்ணாடிக் கதவு, பளபளப்பான மேஜை, சுவரெல்லாம் நாய்த் தீனிப் பைகள். வாயைக் கட்டி ஒரு ஊசி போட்டார். காய்ச்சல்தான், சரியாகிவிடும் என்றார். எதுவும் கேட்கவில்லை, ஊசி போட்டதோடு சரி, உடம்பைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ அந்தக் கண்ணாடிக் கதவே போதுமாக இருந்தது. இரண்டு நாள் எழுந்து நடந்தது. அப்புறம் முன்னைவிட மோசமாகச் சுருண்டது.

விஷயம் தெரிந்தும் நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிப் போனீர்கள். ரேஷன் கடை, பால் ஊற்றுகிற இடம், மஞ்சூர் பஸ் ஸ்டாண்டு என்று அலைந்துவிட்டு வந்து, குன்னூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அங்கே போகலாம் என்றீர்கள்.

"அந்தம்மா நல்லாப் பாப்பாங்கன்னு யார் சொன்னாங்க?"

"பால்காரரு சொன்னாரு. அவரு நாயி செத்துப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்துப்போச்சா? அந்த டாக்டருகிட்டயா போகச் சொல்றீங்க?"

"பொழச்ச நாய்க்காரங்க எல்லா டாக்டரையும் நல்லவங்கன்னுதான் சொல்லுவாங்க அம்மிணி. செத்த நாய்க்காரங்களக் கேக்கோணும். அடுத்த நாய்க்கும் அவங்ககிட்டயே போவீங்களான்னு கேக்கோணும். பால்காரரு போவேன்னாரு. முதல் நாளே, பொழைக்கறது கஷ்டம்னு சொல்லிட்டாங்களாம். வீணா ஊசி குத்தல, கடைசி வரைக்கும் போன் போட்டுக் கேட்டாங்களாம். டிரைவர் ஒருத்தரும் அதையேதான் சொன்னாரு."

அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்றுதான் எரிந்தது. நாய் சாகக் கிடக்கிறது. நானோ உங்கள் புத்தியைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காரட் ஏற்றிப் போகிற வண்டியில் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு போனோம். நாயை என் மடியில்தான் வைத்திருந்தேன், விட்டுக்கொடுக்கவில்லை. வளைவுக்கு வளைவு அது தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்த்தது.

அந்த டாக்டரம்மாவின் அறையில் கண்ணாடிக் கதவு எதுவும் இல்லை. மேஜைமேல் தூக்கி வைக்கப் போன என்னைத் தடுத்துவிட்டு, கீழே சாக்கை விரித்து அவரும் உட்கார்ந்துகொண்டார். நாயே எழுந்து வந்து கையை முகரும்வரை சும்மா இருந்தார். பிறகுதான் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தார். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, மூத்திரம் என்ன நிறம், எங்கெல்லாம் சுற்றும், இதற்கு முன் என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார்.

"பேர் என்னங்க?"

"டைகர்" என்றேன். "செவலை" என்றீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

"யாரு ஊட்டு நாயிங்க?"

"எங்க ஊட்டு நாயிங்க" என்று அதையும் சேர்ந்தே சொன்னோம்.

அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். "உண்ணிக் காய்ச்சலுங்க. ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. பொழைக்கும்னு இப்பச் சொல்ல மாட்டேன், மருந்து கேக்குதான்னு பாக்கோணும். கேக்கலைன்னா என்ர கையில வெச்சுக்க மாட்டேன், கோயமுத்தூருக்கு எழுதித் தந்துருவேன். ஆனா ஒண்ணு, ரெண்டு ஊட்டுக்கும் அலைய உடாதீங்க. ஒரே ஊட்டுல வெச்சு மாத்திரை குடுங்க. எந்த ஊடுன்னு நீங்களே பேசிக்குங்க."

பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. வண்டியிலிருந்து இறக்கிவிட்டதும், நிற்கவே திராணியில்லாத நாய், தள்ளாடித் தள்ளாடி என் வாசலைத் தாண்டி உங்கள் படியேறியது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கு நோய் என்பதற்காக மட்டும் அழவில்லை அக்கா.

மறுநாள் பொழுது விடிந்ததும் நீங்கள் என் கதவைத் தட்டினீர்கள். புறங்கையெல்லாம் பல் பட்ட கீறல். முதல் முறையாக நான் வைத்த பேரைச் சொன்னீர்கள்.

"உன்ர டைகரு வாயே தொறக்க மாட்டேங்குது. நீ வந்து குடுத்துப் பாரு அம்மிணி."

வேகவைத்த ஈரல் துண்டுக்குள் மாத்திரையைச் செருகிக்கொண்டு போனேன். என் கை நீண்டதும் அது முகரக்கூட இல்லை, ஒரே வாயில் விழுங்கிவிட்டது. இத்தனை நாள் நான் போட்ட சோற்றின் நம்பிக்கை. நீங்கள் அடுப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ராத்திரி பூரா மடியில போட்டுக்கிட்டு முழிச்சிருந்தவ நானு. உன்ர கையில முழுங்குது பாரு. வவுறு எரியுதுடி எனக்கு."

இத்தனை வருடத்தில் எனக்கு அவ்வளவு இனிப்பாக யாரும் எதுவும் சொன்னதில்லை. காலையும் மாலையும் மாத்திரை கொடுக்க உங்கள் அடுப்படிக்கு வந்தேன். மாத்திரை தீர்ந்த பிறகும் வந்தேன். டாக்டரம்மா போன் செய்து கேட்பார். நீங்கள் பேசி முடித்ததும் நானும் வாங்கிப் பேசுவேன், நீங்கள் விட்டதைச் சொல்வதற்காக. பால்காரரைப் பார்த்து அது மறுபடி குரைத்த அன்றைக்கு, யாரைப் பார்த்து முதலில் வாலாட்டியது என்று நாம் சண்டை போட்டுக்கொண்டோம்.

உங்களுக்கு வந்த நோய்க்கு அப்படி ஒரு மருந்து கிடைக்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஜீப்பிலிருந்து எட்டி, "நாய அம்மிணிகிட்டயே உடுங்க" என்று உங்களவரிடம் சொன்னீர்கள். நீங்கள் திரும்பி வரவில்லை. உங்களவரும் வெளியூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார்.

பூட்டிய உங்கள் கதவின் முன்னால் அது சாப்பிடாமல் படுத்துக் கிடந்தது. குன்னூருக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா அதே மாதிரி சாக்கில் உட்கார்ந்து, ஈறிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார். "உடம்புல ஒண்ணுமில்லீங்க. அவங்களத் தேடுது. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லீங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

என்னால் அடக்க முடியவில்லை. "நான் போயிட்டா எனக்காக இப்படிப் படுக்குமாங்க டாக்டர்?"

அவர் என்னையே பார்த்தார். "நீங்க எதுக்குங்க போகோணும்? மாத்திரை குடுக்க ஆள் வேண்டாமா?"

வீட்டுக்கு வந்து தட்டை எடுத்துக்கொண்டு உங்கள் படியிலேயே போய் உட்கார்ந்தேன். மடியில் வைத்து ஊட்டினேன். தின்றது. கொஞ்ச நாளில் என் வீட்டுக்குள் வந்து படுக்கத் தொடங்கியது.

போன வாரம் உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்திருக்கிறார்கள். சின்னப் பெண், சிரித்த முகம். மதியம் துணி எடுக்கப் போனபோது பார்க்கிறேன், உங்கள் படியில் உட்கார்ந்து நாய்க்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் கையை நக்குகிறது.

"அக்கா, இவன் பேர் என்னங்க?" என்று கேட்டாள்.

டைகர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "செவலை" என்று வந்தது.

எனக்கு எரிந்தது சரி. ஆனால் அந்தப் படியில் வேறொருத்தி உட்கார்ந்து அதைத் தடவியதைப் பார்த்து உங்களுக்கும் எரிந்திருக்கும் இல்லையா? அதற்கு நீங்கள் இங்கே இல்லை. உங்கள் பங்கையும் சேர்த்து இப்போது நான் ஒருத்தியே பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அக்கா.