இரண்டு கிழவிகள்

14 ஜூலை 1958, திங்கள்

என் கணவர் ஹெய்னியையும் அவர் தம்பி தெய்தூரையும் இன்று கிழவியின் மேல் இறக்கிவிட்டு வந்தார்கள். கடலுக்குள் தனியாக நிற்கும் கல்தூண்தான் கிழவி; அதில் படகைக் கட்ட இடம் கிடையாது. பறவை பிடிக்கிறவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி, மறுநாள் போய் ஏற்றிக்கொள்வதுதான் வழக்கம். வருஷா வருஷம் போகிறார். எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

15, செவ்வாய்

பேயலை. படகு போகவில்லை. கையில் ஒரு நாளுக்கான ரொட்டியும் உலர்ந்த ஆட்டிறைச்சியும்தான் கொண்டுபோனார்கள்.

16, புதன்

காலையில் கடல் அடங்கியது. ஊரின் ஒரே மோட்டார் படகு கிளம்பவில்லை. எஞ்சின் செத்துக் கிடக்கிறது. துடுப்புப் பிடிக்கக்கூடியவர்கள் எல்லோரும் கிரீன்லாந்துக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். கடைக்கார ஹானுஸ்தான் ஹாமர்நெஸ் ஊருக்குப் போன் போட்டார். அவர் என் ஓரகத்தி ஆல்மாவின் அப்பா. மருமகன் தெய்தூருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். "கிழவி மேல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்கப்பா, சீக்கிரம் போங்க!"

சாயங்காலம் பதில் வந்தது. கிழவியைச் சுற்றிப் பார்த்தார்களாம். மேலே யாரும் இல்லையாம்.

யாரும் இல்லை என்றால்? ஆல்மா கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. பயம் மட்டும். இரண்டு பேருமா? ஒரே கயிற்றில் போயிருப்பார்களோ? கடவுளே, இதை ஏன் எழுதுகிறேன்—

17, வியாழன்

விடிந்ததும் மலை உச்சிக்குப் போனேன். அங்கிருந்துதான் கிழவி தெரியும். ஒரே மூடுபனி. கத்தினேன். பறவைச் சத்தம்தான் கேட்டது.

மனம் கேட்கவில்லை. கடைக்குப் போய் நானே ஹாமர்நெஸ்ஸுக்குப் போன் போட்டேன். படகோட்டி பேசினார்.

"அடியில ஏதாவது கிடந்துச்சா? கயிறு, பை?"

"ஒண்ணுமில்லம்மா. மணல்ல நாலஞ்சு சீல் படுத்திருந்துச்சு, அவ்வளவுதான்."

"மணலா? எங்க கிழவிக்கு ஏதுங்க மணல்? நேரா கடல்ல இறங்குது!"

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "அய்யோ… நாங்க எங்க கிழவிக்குல்ல போனோம்" என்றார்.

அவர்கள் ஊர்க் கரையிலும் ஒரு கிழவி நிற்கிறாள். அவரவருக்கு அவரவர் கிழவிதான் கிழவி. எந்த ஊர்க் கிழவி என்று இங்கே யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. ஹானுஸ் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

மத்தியானம் ஹாமர்நெஸ் படகு வந்தது. ஒருவர்தான் இறங்கினார். ஹெய்னி. ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். ஆல்மா எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

18, வெள்ளி

இன்றுதான் ஹெய்னி வாய் திறந்தார்.

"புதன்கிழமை காலையில கடல் அடங்குச்சு. இனி படகு வந்துடும்ணே, நான் கீழ போய் நிக்கிறேன்னான் தெய்தூர். மத்தியானம் வரைக்கும் கீழயிருந்து கிண்டல் பண்ணிட்டே இருந்தான். அப்புறம் ஒரே ஒரு அலை."

புதன் மத்தியானம் அந்தப் படகு இன்னொரு கிழவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இதை ஆல்மாவிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி அவள் முகத்தில் விழிப்பேன்?

19, சனி

ஆல்மாவே கேட்டாள். சொல்லிவிட்டேன். எழுந்து போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஹானுஸ் கடை திறக்கவில்லை. அவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று ஹெய்னி பயப்படுகிறார். எனக்கும் அதே பயம்தான்.

20, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் ஆல்மா வந்தாள். கையில் காலிப் பாத்திரம். அப்பாவுக்குச் சூப்பு கொடுத்துவிட்டு வருகிறாளாம்.

"அவன் என்னைக்கு விழுந்தான்னு அப்பா கேட்டாருக்கா. செவ்வாய்க்கிழமையே, போன் போடறதுக்கு முன்னாடியேன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் ரெண்டு வாய் குடிச்சாரு. நீங்களும் அப்படியே சொல்லுங்க. அத்தான்கிட்டயும் சொல்லி வைங்க."

ஹெய்னியிடம் சொன்னேன். சரி என்றார்.